அடி காணாமல் திரும்பியவர்கள்: குருத்தணு மருத்துவமும் ஆய்வு செய்யும் மருத்துவரும்

1

1948 இறுதியில் ரமணரின் இடது முழங்கைக்கருகே ஒரு சின்னக் கட்டி தெரிந்தது. 1949 பிப்ரவரியில் அதை அறுத்து எடுத்தார்கள். மறுபடி வந்தது. மார்ச்சில் சென்னையிலிருந்து வந்த மருத்துவர்கள் இரண்டாம் முறை அறுத்தார்கள். அது சார்க்கோமா, அதாவது இணைப்புத் திசுக்களில் தோன்றும் புற்று, என்று தெரியவந்தது. ரேடியம் வைத்துப் பார்த்தார்கள். ஆகஸ்டில் ஒரு அறுவை, டிசம்பரில் ஒரு அறுவை. நடுவே பச்சிலை, ஹோமியோபதி என்று பலர் கைவரிசை. கையையே எடுத்துவிட்டால் உயிரைக் காப்பாற்றலாம் என்ற யோசனையும் வந்தது. ரமணர் வேண்டாம் என்றுவிட்டார். 1950 ஏப்ரல் 14 இரவு இறந்தார்.

திருவண்ணாமலையில் இந்தக் கதையை ஆன்மீகக் கதையாகத்தான் சொல்வார்கள். உடம்பு வேறு தான் வேறு என்று கண்டவர், அதனால் வலியைப் பொருட்படுத்தவில்லை என்பது அதன் சாரம். அந்த வாசிப்போடு நமக்குத் தகராறு இல்லை. ஆனால் இதை ஓர் ஆஸ்பத்திரிக் கதையாகவும் வாசிக்கலாம். அப்போது வேறொன்று கண்ணில் படுகிறது. மருத்துவர்கள் தமக்குத் தெரிந்த அனைத்தையும் முன்வைத்தார்கள். நோயாளி ஒரு கட்டத்தில் போதும் என்றார். அவர்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள். நோயாளி சொன்ன ‘வேண்டாம்’ அங்கே செல்லுபடியானது.

அதே ஊரில், அதே ஆண்டில், மலையடிவாரத்தில் கல் உடைத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு அதே கட்டி வந்திருந்தால்? அவரைத் தேடி எந்த மருத்துவரும் ரேடியத்தோடு வந்திருக்கமாட்டார் என்பது ஒருபுறம் இருக்கட்டும். எப்படியோ ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் படுத்திருந்தால், அவர் சொல்லும் ‘வேண்டாம்’ யார் காதில் விழுந்திருக்கும்? ‘இன்னொரு தடவை பார்க்கலாம்’ என்று அவர் கேட்டால் அதற்காவது மதிப்பிருந்திருக்குமா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு குருத்தணு மருத்துவத்தின் வரலாற்றை ஒரு சுற்று பார்த்துவரலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். இங்கிருந்து போளூர், கண்ணமங்கலம் வழியாகப் பஸ் ஏறினால் எண்பது கிலோமீட்டர் சொச்சத்தில் வேலூர். அந்த வரலாற்றின் முக்கியமான ஓர் அத்தியாயம் அங்கேதான் நடந்தது, நடந்துகொண்டிருக்கிறது.

2

முதலில் சொல். ஸ்டெம் செல் என்பதைப் பத்திரிகைகள் மூல உயிரணு என்கின்றன, குருத்தணு என்கின்றன. நமக்குக் குருத்தணு போதும். வாழையில் ஒவ்வொரு இலையும் குருத்திலிருந்து வருகிறது. இலையை விட்ட பிறகும் குருத்து குருத்தாகவே இருக்கிறது. தன்னைப் போல இன்னொன்றையும் உண்டாக்கும், வேறாக மாறப்போகும் ஒன்றையும் உண்டாக்கும் அணு என்பதுதான் அறிவியல் இலக்கணமும்.

இந்த அணு கண்டுபிடிக்கப்பட்ட விதம் அத்தனை பசுமையானதல்ல. ஹிரோஷிமாவுக்குப் பிறகுதான் கதிர்வீச்சு எலும்பு மஜ்ஜையை அழித்து ஆளைக் கொல்கிறது என்பது அரசுகளின் கவலையாயிற்று. அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தின் சிகாகோ பிரிவில் ஊழியர்களின் உடல்நலத்தைக் கவனித்த மருத்துவர் லியோன் ஜேக்கப்சன். அவர் எலிகளின் மண்ணீரலை மட்டும் ஈயத்தால் மறைத்துவிட்டுக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தியபோது அவை பிழைத்ததை 1949இல் வெளியிட்டார். இங்கே ரமணரின் கையில் ரேடியம் வைத்துக்கொண்டிருந்த அதே வருடம். ஒரே கதிர் ஓரிடத்தில் மருந்து, ஓரிடத்தில் ஆயுதம். 1958இல் யூகோஸ்லாவியாவின் வின்சா அணு உலை விபத்தில் கதிர்வீச்சுக்கு ஆளானவர்கள் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஜார்ஜ் மாத்தே அவர்களில் ஐந்து பேருக்குப் பிரெஞ்சுக்காரர்களின் மஜ்ஜையைச் செலுத்தினார். ஒருவர் இறந்தார். கனடாவில் எர்னஸ்ட் மெக்கல்லோக் என்ற மருத்துவரும் ஜேம்ஸ் டில் என்ற இயற்பியலாளரும் கதிர்வீச்சுக்குள்ளான எலிகளுக்கு மஜ்ஜையைச் செலுத்தி, மண்ணீரலில் கிளம்பிய சின்னச் சின்ன முடிச்சுகளை எண்ணினார்கள் (1961). ஒவ்வொரு முடிச்சும் ஒற்றை அணுவின் வாரிசு என்பது 1963இல் நிரூபணமாயிற்று. குருத்தணு என்பது அதுவரை ஓர் ஊகம். அன்றுமுதல் அது எண்ணத்தக்க பொருள்.

இந்தப் பெயர்களில் பெரும்பாலோர் ஒரு புதுவகை மனிதர்கள். காலையில் வார்டில் நோயாளியின் நாடி பார்ப்பார்கள், பிற்பகலில் அதே நோயாளியின் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பார்ப்பார்கள். மருத்துவ-ஆய்வாளர் என்று அழைக்கலாம். இந்த இரட்டை வேடத்தின் சங்கடத்தை ரெனே ஃபாக்ஸ் என்ற சமூகவியலாளர் 1959இலேயே ஒரு புத்தகமாக எழுதினார். பாஸ்டன் ஆஸ்பத்திரியொன்றின் ஆய்வு வார்டில் உட்கார்ந்து மருத்துவர்களையும் நோயாளிகளையும் கவனித்து எழுதியது. ‘இது உனக்கு நல்லது’ என்று சொல்கிற வாயும் ‘இது நடந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம்’ என்று சொல்கிற வாயும் ஒன்றாக இருப்பதால் வரும் அவஸ்தை அதில் பதிவாகியிருக்கிறது. நான்கு வருடம் கழித்து ஃபூக்கோ மருத்துவமனையின் பிறப்பு பற்றி எழுதியபோது இதன் பழைய வேரைத் தொட்டார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஏழைக்கு இலவசமாகக் கட்டில் கிடைத்தது. பதிலுக்கு அவன் தன் உடம்பைப் பார்வைக்குக் கொடுத்தான். அந்தப் பார்வையில் சேர்ந்த அறிவு பணக்காரனின் நோய்க்கும் பயன்பட்டது. எழுதப்படாத ஒப்பந்தம்.

சரி, ஃபூக்கோவைச் சொல்லியாயிற்று, கடையை மூடிவிடலாமா? முடியாது. ‘மருத்துவம் என்பது அதிகாரம்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வது நம்மிடையே ஒரு வசதியான பழக்கமாகிவிட்டது. மாதா மாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ளப் போகிற குழந்தையின் அம்மாவிடம் இதைச் சொன்னால், ‘அதிகாரமோ என்னமோ, பெட் கிடைச்சா சரி’ என்பார். அவர் சொல்வதில் உள்ள நியாயத்தையும் சேர்த்துத்தான் வரலாறு எழுத வேண்டும்.

3

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் கதை 1900இல் ஒற்றைக் கட்டில் மருந்தகமாகத் தொடங்குகிறது. ஐடா ஸ்கடரின் குடும்பம் அமெரிக்க ஆற்காடு மிஷனைச் சேர்ந்தது. அந்த மிஷனின் களமான வடஆற்காட்டுக்குள்தான் பின்னாளில் திருவண்ணாமலையும் இருந்தது. தனி மாவட்டமானது 1989இல். ஐடா 1909 வாக்கில் காரில் கிராமம் கிராமமாகப் போய்ச் சாலையோரத்தில் மரத்தடியில் நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. மிஷன் மருத்துவம் காலனியத்தின் நீட்சி, மதமாற்றத்தின் கருவி என்ற விமர்சனங்கள் உண்டு. அவற்றை மறுக்க இங்கே நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் சாலையோர மருந்தகத்துக்கு ஒரு குணம் இருந்தது: வண்டி அடுத்த முறையும் அதே மரத்தடிக்கு வந்தாக வேண்டும். போன முறை கொடுத்த மருந்து வேலை செய்ததா என்று கேட்க ஆட்கள் காத்திருப்பார்கள். தவறு செய்தவர் தவறின் முகத்தில் விழித்தே ஆக வேண்டும். இந்தச் சின்ன விஷயம் பின்னால் பெரிய விஷயமாகிறது.

இந்தியாவில் மஜ்ஜை மாற்று சிகிச்சை 1983இல் பம்பாய் டாடா நினைவு மருத்துவமனையில் சுரேஷ் அத்வானியின் கையில் தொடங்கியது. சிறுவயதில் போலியோ தாக்கி, சக்கர நாற்காலியிலிருந்தே மருத்துவம் பார்த்தவர் அவர். 1986இல் வேலூரில் மேமன் சாண்டி இத்திட்டத்தைத் தொடங்கினார்.

1986 வேலூருக்கு இன்னொரு விதத்திலும் முக்கியமான வருடம். சென்னையில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் ரயிலில் வேலூருக்கு வந்து, அங்கே நடந்த சோதனையில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரிந்தது. அந்த ரத்தத்தைக் கொடுத்தவர்கள் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்கள். கண்டுபிடித்தவர்களின் பெயர் வரலாற்றில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவரிடம் கேட்கப்படும் சம்மதத்துக்கு என்ன பொருள்? ஒரே ஊரில், ஒரே ஆண்டில், ரத்தத்தை வைத்து நடந்த இரண்டு ஆய்வுகள். ஒன்றில் குழந்தையோடு அப்பா அம்மா வந்து கேள்வி கேட்டார்கள். மற்றதில் கேட்க ஆளில்லை.

மஜ்ஜை மாற்றுக்கு வருவோம். வேலூரில் இதற்கு வந்தவர்களில் தலசீமியா குழந்தைகள் கணிசமானவர்கள். ரத்தச் சிவப்பணு சரியாக உருவாகாத பரம்பரை நோய் இது. மூன்று நான்கு வாரத்துக்கொருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் ரத்தத்தில் உள்ள இரும்பு உடம்பில் தங்கிக் கல்லீரலையும் இதயத்தையும் கெடுக்கும். அதை வெளியேற்றும் மருந்து தனிச் செலவு. இத்தாலியின் பெசாரோ நகரில் கைடோ லூக்கரெல்லி இக்குழந்தைகளை மூன்று வகுப்பாகப் பிரித்திருந்தார். கல்லீரல் வீங்கி, நார் பாய்ந்து, இரும்பும் ஒழுங்காக வெளியேற்றப்படாதவர்கள் மூன்றாம் வகுப்பு. மாற்று சிகிச்சையில் ஆபத்து மிகுந்தவர்கள். வேலூருக்கு வந்த குழந்தைகள் பெரும்பாலும் தாமதமாக வந்தவர்கள். ரத்தம் போதாமல், மருந்து வாங்க முடியாமல், ஊர் ஊராக அலைந்துவிட்டு வந்தவர்கள். பெசாரோவின் மூன்றாம் வகுப்பு இங்கே ஒரே வகுப்பாக இல்லை. விக்ரம் மேத்யூஸும் சக மருத்துவர்களும் 2007இல் அதற்குள் ஒரு கோடு கிழித்தார்கள்: ஏழு வயதோ அதற்கு மேலோ ஆகி, கல்லீரல் ஐந்து சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால் அது தனிக் கூட்டம், அவர்களுக்கு வழக்கமான முறை ஆகாது. பிறகு அக்கூட்டத்துக்காகவே மஜ்ஜையைக் காலி செய்யும் மருந்தை மாற்றிப் பார்த்தார்கள். பலன் கிடைத்தது.

இந்த ஐந்து சென்டிமீட்டரை நாம் கவனமாக வாசிக்க வேண்டும். விலா எலும்புக்குக் கீழே மருத்துவர் விரல் வைத்து அளக்கும் தூரம் அது. அந்தத் தூரத்துக்குள் ரேஷன் கடை இருக்கிறது, கிடைக்காத ரத்தம் இருக்கிறது, வட்டிக்கு வாங்கிய பணம் இருக்கிறது. வறுமையின் ஆவணம் என்று கல்லீரலைச் சொன்னால் மிகையில்லை. மருத்துவ-ஆய்வாளர் அதை அளவுகோலாக மாற்றினார். அதனால் குழந்தைகள் பிழைத்தார்கள். கல்லீரல் ஏன் அப்படி வீங்கியது என்ற கேள்வி அளவுகோலுக்குள் வராது. அதைக் கேட்க வேண்டியது நாம்.

மஜ்ஜை கொடுப்பவர் பற்றியும் ஒரு வார்த்தை. எச்.எல்.ஏ. எனும் திசு அடையாளம் பொருந்த வேண்டும். கூடப்பிறந்தவர் ஒருவரோடு முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ‘நம்ம ரத்தம்’ என்று சாதியைச் சொல்லி மார்தட்டுகிறவர்கள் இதை யோசிக்கலாம்: சொந்த அண்ணன் தம்பிக்குள்ளேயே நான்கில் மூன்று முறை பொருந்தாது. அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டிக்கொள்ளும் நம் வழக்கத்தில் தலசீமியா மாதிரியான நோய்கள் வெளிப்படும் வாய்ப்பு கூடுகிறது. அதே வழக்கத்தால் சில குடும்பங்களில் கூடப்பிறந்தவரல்லாத சொந்தத்திலும் பொருந்தும் ஆள் கிடைத்துவிடுகிறார். நோயைக் கொடுத்த முடிச்சே மருந்தையும் கொடுக்கிறது. ஆனால் கொடுக்கிறவர் பல சமயம் ஐந்தாறு வயதுக் குழந்தை. அதனிடம் யார் கேட்கிறார்கள்? தங்கச்சி கொடுத்து அண்ணன் பிழைத்தால் வீடு கொண்டாடும். அண்ணன் கொடுத்துத் தங்கச்சி பிழைக்க வேண்டுமென்றால், அதே வீடு நிலத்தை விற்குமா?

4

ஹீமோஃபிலியா பற்றிச் சொல்லாமல் வேலூர் கதை முடியாது. ரத்தம் உறைய வேண்டிய காரணிகளில் எட்டாவது இல்லாமல் பிறப்பது ஹீமோஃபிலியா ஏ. ஏறக்குறைய ஐயாயிரம் ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு வரும். குறைபாடு தாய் வழியாக மகனுக்குப் போவதால் ‘அவ கொண்டுவந்தது’ என்று பழி முழுக்க மருமகள் தலையில். விழுந்தால் மட்டுமல்ல, சும்மா இருக்கும்போதே முழங்காலுக்குள் ரத்தம் கசியும். கால் மடங்கிப்போகும். பள்ளிக்கூடம் நின்றுபோகும். காரணியை ஊசியாக ஏற்றினால் நிற்கும், ஆனால் விலை.

மேற்கத்தியப் பாடப்புத்தகப்படி அறுவை சிகிச்சைக்குக் காரணியின் அளவை ஏறக்குறைய இயல்பு நிலைக்குக் கொண்டுவந்து பல நாள் அங்கேயே வைத்திருக்க வேண்டும். அந்த அளவுக்கு மருந்து வாங்க இங்கே யாரால் முடியும்? அலோக் ஸ்ரீவஸ்தவாவும் சாண்டியும் வேலூரில் குறைந்த அளவோடு அறுவை செய்து, நோயாளிகளைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்து, பாதுகாப்பாக முடிகிறது என்று 1998இல் எழுதினார்கள். பின்னால் உலக ஹீமோஃபிலியா கூட்டமைப்பின் வழிகாட்டு நூலை 2012இல் தயாரித்த குழுவின் முதன்மை ஆசிரியர் ஸ்ரீவஸ்தவாதான். அதில் இரண்டு பட்டியல்கள் உண்டு: வசதியுள்ள இடங்களுக்கு ஓர் அளவு, வசதி குறைந்த இடங்களுக்கு ஓர் அளவு.

இது சாதனையா சமரசமா? இரண்டும்தான். ‘இல்லாதவனுக்குக் குறைச்சலாகக் கொடு’ என்பதற்கு அறிவியல் முத்திரை விழுந்துவிட்டதே என்று ஒருவர் கோபப்படலாம். எனக்கும் அந்தக் கோபம் வந்தது. ஆனால் மாற்று என்னவாக இருந்தது? பாடப்புத்தக அளவைப் பிடித்துக்கொண்டு ‘மருந்து இல்லை, போய் வா’ என்று சொல்வது. இல்லாமைக்குள்ளிருந்து ஒரு அளவைக் கண்டுபிடித்தவர்கள், அந்த நோயாளிகள் வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்ததால்தான் கண்டுபிடித்தார்கள். ஒருமுறை வந்துபோகிறவரிடமிருந்து இந்த அறிவு பிறக்காது.

2005இல் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் பாகாயம் வளாகத்தில் குருத்தணு ஆய்வு மையம் வந்தது. பின்னர் அது பெங்களூரு இன்ஸ்டெம் நிறுவனத்தின் அங்கமானது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து அங்கே நடந்த முதல்கட்ட மரபணு சிகிச்சையின் முடிவுகள் 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயின. செய்தது இதுதான்: நோயாளியின் ரத்தத்திலிருந்து அவருடைய குருத்தணுக்களையே பிரித்தெடுத்து, எட்டாம் காரணியின் மரபணுவை லென்டிவைரஸ் ஒன்றில் ஏற்றி அந்த அணுக்களுக்குள் அனுப்பி, மருந்தால் மஜ்ஜையைக் காலி செய்துவிட்டு, மாற்றிய அணுக்களைத் திரும்பச் செலுத்துவது. உள்ளே அனுப்பிய மரபணு மனிதக் காரணியோடு பன்றியின் காரணியைக் கொஞ்சம் கலந்து வடித்தது. பங்கேற்றவர்கள் 22 முதல் 41 வயதுக்குட்பட்ட ஐந்து பேர். எல்லோருடைய கண்காணிப்புக் காலத்தையும் கூட்டினால் 81 மாதம். அந்த 81 மாதத்தில் மஜ்ஜை தழைத்த பிறகு ஒருவருக்கும் ரத்தக் கசிவு இல்லை.

மேற்கில் வந்த மரபணு சிகிச்சைகள் வேறொரு வைரஸைக் கல்லீரலுக்கு அனுப்புபவை. அந்த வைரஸுக்கு ஏற்கெனவே எதிர்ப்பு உள்ள உடம்புகளில் அது எடுபடாது. அப்படிப்பட்ட உடம்புகள் நம் நாட்டில் நிறைய. அந்த வகையில் ஒன்று 2023இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபோது அறிவிக்கப்பட்ட விலை 29 லட்சம் டாலர். நம்மூர்க் கணக்கில் இருபது கோடிக்கு மேல். ஆகவே வேலூர் வேறு பாதை தேடியது வெறும் அறிவியல் ஆர்வமல்ல.

ஐந்து பேர் என்பது ஐந்து பேர்தான். 81 மாதம் என்பது ஒரு குழந்தை ஏழாம் பிறந்தநாளைக் கூடத் தொடாத காலம். மஜ்ஜையைக் காலி செய்யும் மருந்துக்குக் குழந்தைப்பேறு பாதிக்கும் அபாயமும் உண்டு. இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ‘ஹீமோஃபிலியாவுக்கு முற்றுப்புள்ளி’ என்று தலைப்புப் போடுவது பத்திரிகைக்காரர் வேலை. மருத்துவ-ஆய்வாளர் வேலை வேறு. அது என்ன என்று பார்க்க நம்மூர்ப் புராணம் ஒன்று உதவும்.

5

அண்ணாமலையின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. நெருப்புத் தூணாக நின்ற சிவனின் அடியைத் தேடித் திருமால் பன்றியாகி மண்ணைத் தோண்டிக்கொண்டு போனான். முடியைத் தேடிப் பிரம்மன் அன்னமாகிப் பறந்தான். பன்றி களைத்துத் திரும்பி, காணவில்லை என்று ஒப்புக்கொண்டது. அன்னம் வழியில் விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சாட்சிக்குப் பிடித்துக்கொண்டு கண்டேன் என்று சொன்னது. பிரம்மனுக்குக் கோவில் இல்லாமற்போனது, தாழம்பூ பூசையிலிருந்து விலக்கப்பட்டது. கதையை நாம் நம்ப வேண்டியதில்லை. தோற்றுத் திரும்பியவனைவிடப் பொய்ச்சாட்சியோடு வென்றவனைத்தான் ஊர் தண்டித்தது என்பது போதும்.

குருத்தணு மருத்துவத்தின் வரலாற்றில் இரண்டு வகையும் உண்டு. டோனல் தாமஸ் 1957இல் ஆறு நோயாளிகளுக்கு மஜ்ஜை செலுத்தியதை வெளியிட்டார். ஒருவரும் நூறு நாளைத் தாண்டவில்லை. அதை மறைக்காமல் எழுதினார். பிறகு பல வருடம் நாய்களிடம் திரும்பிப் போனார். 1960களின் இறுதியில்தான் மனிதர்களிடம் மறுபடி வந்தார். 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசு கிடைத்ததால் கதை இனிக்கிறது. அந்த ஆறு பேருக்கு இனிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பாரிசின் நெக்கர் மருத்துவமனையில் அலன் ஃபிஷரும் மரினா கவாசானாவும் பிறவி எதிர்ப்புச்சக்தியற்ற குழந்தைகளுக்கு 1999இல் மரபணு சிகிச்சை தொடங்கினார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் வாழ வேண்டிய குழந்தைகள் வெளியே வந்து விளையாடினார்கள். 2002இல் ஒரு குழந்தைக்கு ரத்தப்புற்று. உள்ளே போன வைரஸ் தவறான இடத்தில் ஒட்டிக்கொண்டு அணுவின் கடிவாளத்தை அவிழ்த்துவிட்டிருந்தது. பாரிசில் மொத்தம் நான்கு குழந்தைகளுக்கு அப்படி ஆயிற்று, ஒருவர் இறந்தார். சிகிச்சை நிறுத்தப்பட்டது. காரணம் ஆராயப்பட்டு வைரஸ்கள் திருத்தப்பட்டன. வேலூரில் பயன்பட்ட வகையும் அந்தத் திருத்தங்களுக்குப் பின் வந்ததுதான். இருந்தும் கதை முடியவில்லை. மூளையைத் தாக்கும் ஒரு பரம்பரை நோய்க்கு லென்டிவைரஸ் சிகிச்சை பெற்ற 67 பேரில் 7 பேருக்கு ரத்தப்புற்று வந்ததாக 2024இல் அறிக்கை வந்தது. இம்மாதிரிச் சிகிச்சை பெற்றவர்களைப் பதினைந்து வருடம் கண்காணிக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துத் துறை சொல்வது இதனால்தான்.

ஜப்பானில் ஷின்யா யமனகா எலும்பு அறுவை மருத்துவராகத் தொடங்கி, கை மெதுவானதால் கேலிக்கு ஆளாகிச் சோதனைக்கூடத்துக்குப் போனவர். முதிர்ந்த அணுவைக் குருத்தணுவாக மாற்றும் வழியை 2006இல் கண்டார். அவ்வழியில் செய்த விழித்திரையை 2014இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தத் தலைமை தாங்கியவர் கண் மருத்துவர் மசாயோ தகாஹாஷி. இரண்டாவது நோயாளிக்காக வளர்த்த அணுக்களில் மரபணு மாற்றங்கள் தெரிந்தபோது பொருத்தாமல் நிறுத்தினார். உலகமே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அடி காணவில்லை என்று திரும்பிய பன்றி என்று இவரைச் சொன்னால் தகும்.

தாழம்பூ வகைக்கும் பெயர் இருக்கிறது. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்காவில் பாவ்லோ மக்கியரினி பிளாஸ்டிக் மூச்சுக்குழாயில் நோயாளியின் குருத்தணுவைப் பூசிப் பொருத்தினார் (2011 முதல்). புகழ்பெற்ற இதழ்கள் பாராட்டின. நோயாளிகள் இறந்தார்கள். கூட வேலை பார்த்த மருத்துவர்கள் புகார் கொடுத்தபோது நிர்வாகம் முதலில் புகார் கொடுத்தவர்களையே முறைத்தது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை வருடச் சிறைத்தண்டனை விதித்தது.

இரண்டு வகைக்கும் வித்தியாசம் என்ன? நல்லவர், கெட்டவர் என்று சொல்லிவிடலாம். ஆனால் மனசாட்சியை மட்டும் நம்பி ஒரு மருத்துவத்தை நடத்த முடியாது. தாமஸும் மக்கியரினியும் தத்தம் நோயாளிகளைக் காப்பாற்றப்போவதாகத்தான் தங்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். என் பார்வையில் வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. நோயாளி திரும்பி வர முடிகிறதா, வந்து ‘என்ன ஆச்சு’ என்று கேட்க முடிகிறதா, அந்தக் கேள்வி ஏட்டில் ஏறுகிறதா, கூட இருக்கும் மருத்துவர் ‘நிறுத்து’ என்றால் அவர் வேலை போகாமல் இருக்கிறதா? இவை இருக்கும் இடத்தில் சுமாரான ஆளும் நிறுத்துவார். இல்லாத இடத்தில் மகான்கூட நிறுத்தமாட்டார்.

6

இப்போது நம் தெருவுக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒருவர், போளூர்ப் பக்கம் மல்லாட்டை போட்டுப் பிழைத்தவர். பையனுக்குப் பிறவியிலேயே மூளை வாதம். ஒரு பெருநகரத்துச் சிகிச்சைக்கூடத்தில் ஸ்டெம் செல் ஏற்றினால் நடப்பான் என்றார்கள். இடுப்பெலும்பிலிருந்து எடுத்து முதுகுத்தண்டில் ஊசியாகப் போட்டார்கள். மூன்று தவணை. ஒரு ஏக்கர் கொல்லை போனது. பையன் அப்படியேதான் இருக்கிறான். நாலாவது தவணைக்குப் பணமில்லை என்று சொன்ன பிறகு அங்கே போன் எடுக்கவில்லை.

‘முன்னாடியே யார்கிட்டயும் கேக்கலியா?’ என்றேன்.

‘கேட்டேன் சார். பெரிய ஆஸ்பத்திரியில இதுக்கு இப்போதைக்கு வழி இல்லேன்னுட்டாங்க. ரெண்டு நிமிஷந்தான் பேசினாங்க. அங்க இருக்குன்னாங்க, ஒரு மணி நேரம் உக்காரவெச்சுப் பேசினாங்க. இருக்குன்னு சொல்றவங்ககிட்டதானே சார் போவோம்?’

என்னிடம் பதிலில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007இல் வெளியிட்ட நெறிமுறையின் தலைப்பில் குருத்தணு ‘ஆய்வும் சிகிச்சையும்’ என்றிருந்தது. 2013இல் வந்த திருத்தத்தில் ‘சிகிச்சை’ என்ற சொல்லை வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று தவிர மற்றதெல்லாம் இன்னும் ஆய்வுதான், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது என்பது அதன் பொருள். 2017 திருத்தமும் அதையே வலியுறுத்தியது. ஆட்டிசத்துக்குக் குருத்தணு சிகிச்சை என்று சொல்லிச் செய்வது தொழில் ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது. ஒரு சொல்லைத் தலைப்பிலிருந்து நீக்கியது சொல்லாடல் பற்றிப் பேசும் நமக்கெல்லாம் உவப்பான செய்தி. ஆனால் அந்தச் சொல் தலைப்பிலிருந்து இறங்கி விளம்பரப் பலகையில் ஏறிக்கொண்டது.

அந்தச் சிகிச்சைக்கூடத்துக்காரரும் தன்னை மருத்துவ-ஆய்வாளர் என்றுதான் அழைத்துக்கொள்வார். வெள்ளைக் கோட்டு இருக்கிறது, நுண்ணோக்கி இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: திரும்பி வரும் நோயாளி. பையன் நடந்தானா இல்லையா என்பது அங்கே எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஏறாததால் அடுத்த அப்பாவிடமும் ‘இருக்கு’ என்று கூசாமல் சொல்ல முடிகிறது.

அதே நேரம் அந்த இரண்டு நிமிடத்தையும் நாம் விட்டுவிடக் கூடாது. ‘இல்லை’ என்பது உண்மைதான். ஆனால் இல்லையைச் சொல்லவும் உட்கார வைக்க வேண்டும். எதனால் இல்லை, என்ன நடந்துகொண்டிருக்கிறது, அதுவரை பையனுக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம், அடுத்த வருடம் எப்போது வந்து கேட்கலாம் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த நேரத்தை நம் பெரிய ஆஸ்பத்திரிகள் ஒதுக்குவதில்லை, அரசும் அதற்குச் சம்பளம் போடுவதில்லை. அந்தக் காலியிடத்தில்தான் கடை விரிக்கிறார்கள். நெறிமுறை எவ்வளவு கறாராக இருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தை அது நிரப்பாது.

ரமணர் வேண்டாம் என்று சொன்னபோது மருத்துவர்கள் நின்றார்கள், ஏனென்றால் அவர் ரமணர். வேலூரில் ஐந்து பேர் சரி என்று சொன்னார்கள். அவர்கள் வருடத்துக்குச் சில முறை பாகாயத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ வந்து கையை நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும், பல வருடத்துக்கு. அவர்கள் வரும்வரைதான் அந்தச் சிகிச்சை அறிவியல். போளூர்க்காரர் எங்கே திரும்பிப் போவார்? கொல்லையை வாங்கியவர் அதில் இந்த வருடமும் மல்லாட்டைதான் போட்டிருக்கிறார். களையெடுக்கக் கூலிக்கு இவர்தான் போகிறார். பையனைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு.